'முதுகு வலி' என்று எழுதிவைத்த கொப்பி: மாவட்ட சுகாதாரப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

போன மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் மண்டபத்தில் மாதத்துக்கு ஒரு தடவை நடந்த பெண்கள் கிளினிக் 'வருகை குறைவு காரணமாக' நிறுத்தப்படுகிறது, தேவையானவர்கள் டவுன் ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்றது முதல் கடிதம். மற்றது, நாங்கள் ஏழு பெண்கள் லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றாக, ஏறி இறங்கி, பெண்களின் நோய்களைக் கேட்டு எழுதி உங்களிடம் கொடுத்த சீஆர் கொப்பிக்கான பதில். மூன்றே வரி. பயிற்சி இல்லாதவர்கள் சேகரித்தது, பெண்கள் வாயால் சொன்னதை மட்டும் வைத்து எழுதியது, ஆகவே இதைத் தரவாகக் கொள்ள இயலாது. இரண்டும் சிங்களத்தில் இருந்தன. பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர்தான் வாசித்துச் சொன்னார், பாதி வழியில் அவருக்கே கூச்சமாகிவிட்டது, ஏனென்றால் விஷயம் கர்ப்பப்பையைப் பற்றியது. (தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். எத்தனை வருஷம் ஆகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சண்டைக்கு நான் இன்றைக்கு வரவில்லை.)

கிளினிக்கை நிறுத்தினதுகூட எனக்கு இரண்டாவது கோபம்தான். முதல் கோபம் அந்த மூன்று வரி. நேரில் சொல்லலாம் என்று மூன்று தடவை பஸ் ஏறி வந்தேன், மூன்று தடவையும் 'சேர் மீட்டிங்கில்' என்றார்கள். அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, தாதி மிஸ்ஸியும் இல்லை. பத்தொன்பது வருஷம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தவள். காலையில் மலைக்குப் போகிற தாய்மார் கையிலிருந்து பிள்ளையை வாங்குவேன், பின்னேரம் திருப்பிக் கொடுப்பேன். பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அட்டையில் எழுதுவதும் என் வேலை. நாடு முழுவதும் 2016இல் எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம் என்று வந்தபோது படித்த ஆட்கள் அதிர்ச்சியானார்கள். எனக்கு அதிர்ச்சி வரவில்லை. சுவரில் ஒட்டிய அளவு நாடாவுக்குப் பக்கத்தில் தினமும் நின்றவளுக்கு என்ன அதிர்ச்சி. ஆனால் ஒன்று தோன்றியது. பிள்ளையை அளக்க ஒரு நாடாவாவது இருக்கிறது. பிள்ளையைப் பெற்றவளுக்கு என்ன இருக்கிறது?

இதற்கு அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பார். சரி, சொல்கிறேன்.

அம்மா பதினாறு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவர், அறுபது வரைக்கும் இறக்கவில்லை. கடைசிக் காலத்தில் எழும்ப முடியாமல் போனபோது நான்தான் குளிப்பாட்டினேன். முதல் நாள் பாவாடையை அவிழ்க்க விடவே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் விட்டார். உள்ளே, பழைய சேலையைக் கிழித்து உருட்டி, கோவணம் மாதிரி இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் கோழி முட்டை அளவுக்கு சிவப்பாக ஒன்று வெளியே வந்தது. ஒரு பக்கம் துணி உரசி உரசித் தடித்துப்போயிருந்தது, இன்னொரு பக்கம் புண். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடி எறங்கிருச்சு. கடைசித் தம்பி பொறந்ததுலேருந்து அப்புடித்தான்."

கடைசித் தம்பி பிறந்தது 1985இல். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த முடிச்சோடுதான் அம்மா மலை ஏறியிருக்கிறார். இடுப்பில் படங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார், மழைக்கும் அட்டைக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கர்ப்பப்பை இறக்கத்துக்கு ரப்பர் வளையம் ஒன்று வைத்தாலே பலபேருக்குப் பாதி வேதனை குறையும், தேவையானால் ஆபரேஷனும் இருக்கிறது என்று பிறகு ஒரு மிஸ்ஸி எனக்குச் சொன்னார். யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அம்மா யாரிடமும் சொல்லவில்லை என்பீர்கள். அங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அம்மா டிஸ்பென்சரிக்குப் போகாமல் இல்லை. செத்த வீட்டுக் காரியமெல்லாம் முடிந்து அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். நாலைந்து மாதத்துக்கு ஒரு வரி இருந்தது, எல்லாம் ஒரே வரி: முதுகு வலி, பனடோல். முதுகு வலி, பனடோல். ஒரு இடத்தில் முதுகு வலி, பூசும் மருந்து. அந்த வாங்கில் எப்போதும் இரண்டு மூன்று ஆம்பிளைகள் உட்கார்ந்திருப்பார்கள், மருந்து கொடுப்பவரும் ஆம்பிளை, கதவுக்குத் திரை கிடையாது. அங்கே நின்றுகொண்டு என் அம்மா என்ன சொல்லுவார்? முதுகு வலி என்பதுதான் அந்த அறையில் சொல்லக்கூடிய சொல். அவர் சொன்னதை எழுதியிருக்கிறார்கள், எழுதினதை மாதக் கடைசியில் கூட்டியிருக்கிறார்கள், கூட்டினது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. உங்கள் பதிவேட்டில் என் அம்மா முப்பது வருஷம் முதுகு வலிக்காரி. நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதின கொப்பி தரவு இல்லை, அது மட்டும் தரவா?

அந்தக் கொப்பியை எப்படி எழுதினோம் என்று நீங்கள் கேட்கவே இல்லை, அதனால் நானே சொல்கிறேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு போவோம். அடுப்படியில் ரொட்டி சுடுகிற நேரம், வீட்டு ஆம்பிளை கடைப் பக்கம் போயிருக்கும் நேரம். எடுத்தவுடன் நோய் வருத்தத்தைப் பற்றிக் கேட்பதில்லை. முதல் கேள்வி இதுதான்: "மலையில ஒண்ணுக்கு வந்தா என்னா பண்ணுவீங்க?" கேட்டதும் சிரிப்பு வரும். சிரித்து முடிந்த பிறகு எல்லாம் வரும். காலை எட்டு மணிக்கு மலைக்கு ஏறினால் பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிகிற வரைக்கும் மறைவிடம் இல்லை, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்பார்கள். குடிக்காததால் வரும் எரிச்சல், அதோடு காய்ச்சல், மாதவிலக்கு நாளில் ஈரத் துணியோடு சரிவில் நிற்பது, வெள்ளை படுவது, படுக்கையில் வலிப்பது, மூன்று பிள்ளை பெற்ற பிறகு இருமினால் நனைவது. ஒரு அக்கா, "நீங்க எழுதலேன்னா சொல்றேன்" என்றார். பேனாவை மூடி வைத்தேன். சொல்லி முடித்தார். கொஞ்ச நேரம் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, எழுதிக்குங்க, என் பேரு மட்டும் வேணாம்" என்றார். எத்தனை பேருக்கு என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன். அது அந்தப் பெண்கள் என்னை நம்பிச் சொன்னது, கொப்பியில் இருக்கிறது, கொப்பி உங்கள் மேசைக்கு வந்து போயிருக்கிறது.

ஹட்டனில் ஒரு பயிற்சி வகுப்பில் வகுப்பெடுத்த லேடி டாக்டர் ஒருவர் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். எபிடெமியோலொஜி என்றால் நம் ஊரில் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் நினைக்கிறோம், தமிழில் 'தொற்றுநோயியல்' என்று பெயர் வைத்ததும் ஒரு காரணம். தொற்றாத நோயையும், யாருக்கு வருகிறது யாருக்கு வரவில்லை என்று எண்ணிப் பார்த்து, ஏன் என்று கண்டுபிடிக்கிற படிப்புதான் அது என்றார். அப்படி எண்ணிப் பார்த்த ஒரு பெண்ணின் கதை. ஆலிஸ் ஸ்டூவர்ட். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், படித்தவர்கள். ஆனாலும் அந்த மூன்று வரியை எழுதிய கைக்கு ஒருமுறை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

1906இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள். யுத்த காலத்தில், வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் ரத்தத்தை அந்த மருந்து என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். பிறகு 1950களில் அங்கே சின்னப் பிள்ளைகள் ரத்தப் புற்றுநோயில் சாவது கூடிக்கொண்டு போனது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய பெரிய ஆட்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது இவர் செய்தது சின்ன வேலை. தாய்மாரைக் கேட்கலாம் என்றார். வேறு எவரையும் விட அவர்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கும் என்று. கையிலிருந்த பணம் ஆயிரம் பவுண். கேள்விகளை அச்சடித்து, நாடு முழுக்க இருந்த ஊர்ச் சுகாதார அலுவலகங்கள் வழியாக, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரையும், அதே வயதுப் பிள்ளை உயிரோடிருக்கும் தாய்மாரையும் ஒரே கேள்விகளைக் கேட்க வைத்தார். கவனியுங்கள், ஊர்ச் சுகாதார அலுவலகங்கள். உங்களைப் போன்றவர்கள்தான் அந்த வேலையைச் செய்துகொடுத்தார்கள்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தீர்களா என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. புற்றுநோயில் செத்த பிள்ளைகளின் தாய்மாரில், எடுத்தோம் என்றவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1956இல் முதல் செய்தியை லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார், 1958இல் முழுசாக எழுதினார். உடனே என்ன சொன்னார்கள் என்று ஊகித்துப் பாருங்கள். தாய்மாரின் ஞாபகத்தை நம்ப முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் காரணம் தேடுவாள், தேடித் தேடி எக்ஸ்ரேயை ஞாபகப்படுத்திக்கொள்வாள். வாய்மொழி, தரவு இல்லை. 1960இல் மூன்று பெரிய நிபுணர்கள் வேறொரு கணக்கெடுத்து அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றும் எழுதினார்கள்.

நியாயமாகப் பேசுவோம். அந்தச் சந்தேகம் முட்டாள்தனமான சந்தேகம் இல்லை. ஞாபகம் சறுக்கும், துக்கப்பட்டவர்களின் ஞாபகம் இன்னும் ஒரு விதமாகச் சறுக்கும். நாங்கள் கேட்டபோதும் ஒரே அக்கா திங்கட்கிழமை ஒன்றும் வியாழக்கிழமை வேறொன்றும் சொன்னதுண்டு. ஆனால் சந்தேகம் வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? 1962இல் அமெரிக்காவில் பிரையன் மெக்மஹோன் என்பவர், தாய்மாரை ஒன்றுமே கேட்காமல், ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்திலேயே எழுதிவைத்த பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள். வயிற்றிலிருந்தபோது எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளில் புற்றுநோய்ச் சாவு 40 சதவீதம் கூட என்று வந்தது. தாய்மார் சொன்னது பொய் இல்லை. ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பதை மருத்துவ உலகம் நிறுத்துவதற்கு, முதல் செய்தி வந்ததிலிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது.

அவர் அதோடு ஓயவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட் அணு உலைத் தொழிலாளரைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கி, அரசாங்கங்களுக்கே பிடிக்காதவரானார். 1986இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கொடுத்தார்கள், மாற்று நோபல் என்பார்களே, அது. 2002இல், 95 வயதில் இறந்தார். பெண்ணியவாதி என்று அவரைச் சொல்லலாமா கூடாதா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். அடுப்படியில் நிற்கிற பெண்ணின் பேச்சை ஆதாரமாகக் கொண்டுபோய் நிபுணர்களின் மேசையில் வைத்தவர், அது போதும் எனக்கு.

இங்கிலாந்து தூரம் என்றால் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங். கணவரும் டாக்டர். இரண்டு பேரும் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு 1986இல் அந்தக் காட்டுப் பகுதிக்கு வந்தார்கள். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பேசி வரவழைத்துப் பரிசோதித்து, 1989இல் அதே லான்செட்டில் எழுதினார்கள்: 92 சதவீதமானவர்களுக்கு ஏதாவதொரு பெண்நோய் இருந்தது, அதற்கு முன் எப்போதாவது பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 8 சதவீதம்தான். இதில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் வேறு. அந்த 650 பேரில் 45 சதவீதமானவர்கள் எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள். ஆகவே நீங்கள் சொல்வது ஒரு விதத்தில் சரிதான், பெண்கள் வாயால் சொல்வது முழுக் கணக்கு ஆகாது. ஆனால் எங்கள் கொப்பியில் இருப்பது மிகைப்படுத்தல் என்றா நினைத்தீர்கள்? அது குறைச்சல், ஐயா. சொன்னவர்களை மட்டும்தான் எங்களால் எழுத முடிந்தது.

தோட்டத்தில் எண்ணத் தெரியாமல் இல்லை. எண்ணுவதில் தோட்டத்தை அடிக்க ஆளில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் ஆளை எண்ணுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொழுந்து நிறுக்கிறார்களோ அத்தனை தடவையும் கிலோவை எழுதி, கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழித்து, குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளை ஆட்கள் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்க மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தபோது லயம் லயமாக ஆட்களைச் சோதித்துக் கணக்கெழுதினார்கள். ரத்தம் குறைந்த கூலி மலை ஏறமாட்டானே. 1980களில் கர்ப்பத்தடை ஆபரேஷனுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது, முதலில் நூறு, பிறகு ஐந்நூறு ரூபாய். எங்கள் தோட்டத்தில் லொறி வந்து நின்றது என்று அம்மா சொல்லுவார். கடைசித் தம்பி பிறந்த அடுத்த வருஷம் அம்மாவும் ஏறினார். விளங்காத பாஷையில் ஒரு தாள், அதில் கைநாட்டு. எந்தக் காம்பராவில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தியும் தப்பவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் அம்மாவைப் படுக்க வைத்தவர்கள் கொஞ்சம் கீழே பார்த்திருந்தால் அவருடைய இறக்கம் தெரிந்திருக்கும், அது வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பார்த்திருக்கலாம், யார் கண்டது, ஆனால் எழுதவில்லை. வந்த வேலை அது இல்லை.

இப்போது 'வருகை குறைவு'. எங்கள் கிளினிக் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர் போச்சு. 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 என்று எவ்வளவு போராடி ஏற்றின நாட்சம்பளம், அதை ஒரு காலைப்பொழுதுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் கொழுந்து நிறைய வரும் மாதத்தில். 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் ஒரே சம்பளம் என்றானது, அந்த முதல் சம்பளத்தை அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு பேரின் அருமை எங்கள் பெண்களுக்குத் தெரியும். அதையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன கிடைத்தது? மண்டபத்தில் திரை இல்லை. நானும் இன்னொரு அக்காவும் ஆளுக்கொரு பக்கம் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், கை கடுத்தது, உள்ளே இருந்தவள் எப்போது கை இறங்குமோ என்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார், ஆனால் அவருக்குத் தமிழ் வராது. ஒரு அம்மாவுக்கு அவருடைய மகனே மொழிபெயர்த்தான், ஒன்பதாம் வகுப்புப் பையன். எங்கே வலிக்கிறது என்று கேட்கச் சொன்னார் டாக்டர். அந்த அம்மா மகனின் முகத்தைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "முதுகு வலின்னு சொல்லுப்பா."

நீங்கள் செய்யும் நல்லதை நான் மறைக்கவில்லை. 1996இலிருந்து வெல் வுமன் கிளினிக் நடத்துகிறீர்கள், 35 வயதானால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதனை செய்கிறீர்கள். குடும்ப நல மிஸ்ஸிமார் மழையில் ஏறி வருகிறார்கள், ஒருவர் மூன்று பேரின் வேலையைப் பார்க்கிறார். 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடுகிறீர்கள். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கே, பள்ளிக்கூடத்துக்கே, போய்ப் போடுகிறீர்கள். டவுனுக்கு வந்து போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தால் அங்கேயும் 'வருகை குறைவு' என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

ஆகவே கேட்கிறேன்.

நிறுத்தின கிளினிக்கைத் திரும்ப நடத்துங்கள். மேல் டிவிசனிலேயே, ஞாயிற்றுக்கிழமையில், இல்லையென்றால் வேலை நாளில் பேர் போட்டு. பேர் போடுவதற்குத் தோட்ட நிர்வாகத்தோடு நீங்கள்தான் எழுத்தில் பேச வேண்டும், நாங்கள் கேட்டால் கேலி செய்வார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் இதை வாசித்தால், அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கிளினிக் நாளையும் மலையில் கழிப்பிடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தா வெட்டுவது எங்கள் பெண்களின் சம்பளத்திலிருந்துதான்.

பார்ப்பவர் பெண்ணாக, தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும். டாக்டர் கிடைக்காவிட்டால் தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள், இதற்குப் பணம் தேவையில்லை. திரை ஒன்றும் படுக்கை ஒன்றும் வேண்டும். திரையை நாங்கள் தைத்துத் தருவோம்.

டிஸ்பென்சரிப் பதிவேட்டில் 'முதுகு வலி' என்று ஒரு பெண் சொன்னால், தனியாக வைத்து நாலு கேள்வி கேட்டு எழுத ஒரு இடம் விடுங்கள். சிறுநீர், மாதவிலக்கு, வெள்ளை, இறக்கம். அந்த நாலும் இல்லையென்றால் முதுகு வலி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

முக்கியமானது இது. எங்கள் கொப்பியை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். உங்கள் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பி, எங்கள் தோட்டத்தின் எல்லா டிவிசன்களிலும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணையும், வருத்தம் உள்ளவள் இல்லாதவள் இரண்டு பேரையும், வீட்டில் வைத்துக் கேளுங்கள். சம்மதிப்பவர்களைப் பரிசோதியுங்கள், கண்டுபிடித்தால் வைத்தியம் செய்யுங்கள். கேட்பதற்கு எங்கள் ஏழு பேரையும் பயிற்றுவித்துக் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த வீட்டில் எந்த நேரம் ஆம்பிளை இருக்கமாட்டார் என்று எங்களுக்குத்தான் தெரியும். வந்த கணக்கை முதலில் எங்கள் மண்டபத்தில், எங்கள் பெண்களிடம், தமிழில் சொல்லுங்கள். அப்புறம் கொழும்புக்கு அனுப்புங்கள். நாங்கள் எழுதினது பிழை என்று வந்தால் அதே மண்டபத்தில் எழும்பி நின்று பிழை என்று நானே சொல்லுவேன்.

அடுத்த மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும். தமிழில் அனுப்புங்கள். அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டுக் கர்ப்பப்பையைப் பற்றி வாசிக்க வைக்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
பிள்ளை மடுவத்து முன்னாள் டீச்சர்,
மேல் டிவிசன்